கிழவியின் வலது பக்கம்

என் கப்பலில் மூன்று குறைகள் இருப்பதாக ஒரு தாளில் எழுதி, நான்காக மடித்து, கப்பலின் மேல்தளத்திலேயே செருகி வைத்திருந்தார்கள். புகைபோக்கி தவறான பக்கத்தில் இருக்கிறது. உயிர்காப்பு உடுப்புப் பெட்டியின் மூடியில் பெயின்ட் உரிந்திருக்கிறது. பின்தளம் முழுக்க அழுக்கு. அடியில் சங்கச் செயலாளரின் கையெழுத்து, அதற்கு ஸ்கேல் வைத்துப் போட்ட ஓர் அடிக்கோடு.

மூன்று வருஷம் உட்கார்ந்து கட்டிய கப்பல். மூன்று வரியில் கணக்கைத் தீர்த்துவிட்டார்கள்.

நான் தையல்காரி. வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டுக் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் பதினோரு வருஷம் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைத்தேன். காலையில் படகேறிப் போய், சாயங்காலம் படகேறித் திரும்புவோம். அந்தப் பெரிய படகுக்கு ஏதோ ஒரு கௌரவமான பெயரை வைத்து முன்னால் எழுதியும் இருந்தார்கள். நாங்கள் யாரும் அதைச் சொன்னதில்லை. இருமி இருமிக் கிளம்பும் என்பதால் எல்லோருக்கும் அவள் கிழவிதான். பிறகு ஒருநாள் அவளைக் கரையேற்றி, வெட்டி, இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

கிழவி எழுபத்தைந்து அடி. நான் கட்டியது ஒன்றரை அடி. ஐம்பதில் ஒரு பங்கு. கைப்பிடிக் கம்பிகளுக்குக் குண்டூசி, கயிறுகளுக்கு மெழுகில் இழுத்த நூல், புகைபோக்கிக்கு நூல் சுற்றி வந்த காலிக் குழாய். பக்கவாட்டில் தொங்கும் டயர்களை, கருப்பு ஒயரின் தோலை வளையம் வளையமாக நறுக்கிச் செய்தேன். “ஊரான் சட்டையெல்லாம் அலமாரியில தொங்குது, இவ கப்பலுக்கு டயர் மாட்டிக்கிட்டு இருக்கா” என்பார் என் வீட்டுக்காரர். பஸ் மெக்கானிக். ஒரிஜினல் டயரோடு மாரடிப்பவர். ஆனால் ஒயரை உரித்துக் கொடுத்தது அவர்தான்.

அந்த அழுக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதற்குத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. கண்ணாடியை மெழுகுவத்திச் சுடரில் காட்டி, படிந்த கரியைச் சுரண்டி, மெல்லிய தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்து, மேலே வார்னிஷ் கொடுத்தது. பெட்டி மூடியில் முதலில் துருநிறம், அதன்மேல் சிவப்பு, அதன்மேல் பச்சை என்று மூன்று பூச்சு பூசிவிட்டு, ஒன்பது இடத்தில் மட்டும் உப்புத்தாளால் தேய்த்தேன். எங்கே சிவப்பு தெரியவேண்டும், எங்கே துரு வரைக்கும் போகவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்தப் பெட்டிமேல்தான் நாங்கள் ஒன்பது பெண்கள் உட்கார்ந்து போனோம்.

படகின் இடது பக்கம் கூரை போட்டு பெஞ்சு இருந்தது. அதில் ஆண்கள் முந்திக்கொள்வார்கள். வலது பக்கம் புகைபோக்கி நின்றதால் கூரை கிடையாது. அதற்குப் பக்கத்தில் இந்த இரும்புப் பெட்டி. புகைபோக்கியில் முதுகு படாமல் விறைப்பாக உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டு போவோம். கரி தலையில் கொட்டும். வெள்ளைத் துணி தைக்கிற வேலை. அக்கரை சேர்ந்ததும் குழாயடியில் கழுத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் உள்ளே போவோம்.

எங்கள் மாதிரிக்கப்பல் சங்கம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஓவிய வகுப்பறையில் கூடும். என்னையும் சேர்த்து ஒன்பது பேர். மற்ற எல்லோரும் ஆண்கள், பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். செயலாளர் கப்பல் கட்டும் தளத்தில் வரைபடம் வரைந்தவர். அவர் பென்சில் சீவுவதைப் பார்த்தால் ஊசி தோற்றுவிடும். கிழவியின் அசல் வரைபடம் எங்கேயும் கிடைக்காததால், பழைய புகைப்படம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதை வைத்து அவரே ஒன்று வரைந்திருந்தார். அதைப் பார்த்து ஏழு பேர் ஏழு கிழவி கட்டிவிட்டார்கள். நான் அந்த வரைபடம் வருவதற்கு முன்பே பாதி கட்டியிருந்தேன். ஆளைப் பார்த்தே தோள் அளவு சொல்கிற எனக்கு, பதினோரு வருஷம் உட்கார்ந்த இடத்துக்குப் படம் எதற்கு?

“தையக்காரம்மா, கோவிச்சுக்காதீங்க,” என்றார் செயலாளர். “வேலைப்பாடுன்னு பார்த்தா உங்களுதுதான் முதல். அதுல யாருக்கும் ரெண்டாவது பேச்சு இல்ல. ஆனா படத்துல இருக்கிற மாதிரி இருக்கணும் இல்லையா?”

“நீங்க வரைஞ்ச படத்துலயா சார்?”

“போட்டோவைப் பார்த்து வரைஞ்சது. புகைபோக்கியும் பெட்டியும் இடது பக்கம். நீங்க ரெண்டையும் வலது பக்கம் வெச்சிருக்கீங்க.”

“நான் அதுல பதினோரு வருஷம் போயிட்டு வந்தவ சார். முன்னால பார்த்து நின்னா வலது பக்கம்தான்.”

“நானும்தான் ஆறு வருஷம் போனேன். எனக்கு அதெல்லாம் ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஞாபகம் அளவுகோல் இல்லம்மா. போட்டோ பொய் சொல்லாது.” சொல்லிக்கொண்டே என் பின்தளத்தில் ஆள்காட்டி விரலை வைத்துத் தேய்த்து, விரலைப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. வார்னிஷ் நன்றாகப் பிடித்திருந்தது.

வங்கியில் வேலை பார்ப்பவர் ஒருவர் சிரித்தார். அவர் கட்டிய கிழவியில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு மினுமினுப்பு. “கப்பல் கட்டுனா கழுவி வைக்கணும்மா,” என்றார்.

விஷயம் இதுதான். ஆற்றங்கரையில் புதுப் படகுத்துறை கட்டி முடித்திருந்தார்கள். அதன் காத்திருப்புக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டி ஒன்று வைத்து, அதற்குள் கிழவியின் மாதிரி ஒன்றை வைக்கத் துறைமுக அலுவலகம் கேட்டிருந்தது. ஒன்றே ஒன்று. இரண்டு வாரத்தில் மூன்று குறையையும் சரிசெய்துகொண்டு வந்தால் என்னுடையது. இல்லாவிட்டால் வங்கிக்காரருடையது. மாற்றுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று வரைபடத்தையும் புகைப்படத்தின் பிரதியையும் உறையில் போட்டு என் கையில் கொடுத்தார் செயலாளர்.

எனக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டிமேல் ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். அட்டையில் என் பெயர் எழுதி, போகிற வருகிறவர்கள் எல்லாம் குனிந்து பார்ப்பதை நான் பலமுறை கற்பனை பண்ணி வைத்திருந்தேன். வீட்டுக்காரருக்கு என்னைவிட ஆசை. பட்டறையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

“ஊரோடு ஒத்து வாழ்னு சும்மாவா சொன்னாங்க?” என்றார். “கழட்டி அந்தப் பக்கம் ஒட்டு. பத்து நிமிஷ வேலை. பெட்டிக்கு ஒரு கோட்டிங் அடிச்சா முடிஞ்சுது.”

“இடது பக்கம் இல்லீங்க அது.”

“நீ பிடிச்ச முயலுக்கு மூணே கால்.”

நாலு நாள் கப்பலைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் காலை, கடையில் ஆள் இல்லாத நேரம், பிளேடை எடுத்துப் புகைபோக்கியின் அடியில் வைத்தேன். ஆமாம், வைத்தேன். அந்த அளவுக்கு ஆசை என்னை ஆட்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து நெட்டை உள்ளே வந்தாள்.

நெட்டை என்னோடு காலர் தைத்தவள். அந்த ஒன்பது பேரில் ஒருத்தி. ஆறடிக்கு அரை அங்குலம் குறைவு, அதனால் அந்தப் பெயர். தலையணை உறை வாங்க வந்தவள், மேஜையில் இருந்ததைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டாள். நான் கப்பல் கட்டுவது அவளுக்குத் தெரியும். ஆனால் பார்த்ததில்லை. பிறகு பெட்டி மூடியில் கடைசியாக இருந்த தேய்மானத்தில் சுண்டுவிரல் நகத்தை வைத்தாள்.

“இது நான்,” என்றாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை, எந்த இடம் யாருடையது என்று.

“நடுவுல இது மட்டும் என்னடி இவ்வளவு பெருசு?”

“அது நான்.”

“அதானே பார்த்தேன்.” சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “காலையில போகும்போதும் மூஞ்சில வெயில், சாயங்காலம் வரும்போதும் மூஞ்சில வெயில். நாம என்ன பாவம் பண்ணோம்னு தினமும் கேட்பேன், ஞாபகம் இருக்கா?”

தொழிற்சாலை இருந்தது வடகரையில். காலையில் வடக்கே போகும்போது வலது பக்கம் கிழக்கு. சாயங்காலம் தெற்கே திரும்பும்போது வலது பக்கம் மேற்கு. படகு திரும்பினாலும் வெயில் எங்களை விடாது. இடது பக்கம் இருந்தவர்களுக்கு இரண்டு வேளையும் நிழல். செயலாளரின் வரைபடத்தை விரித்தேன். பெட்டி இடது பக்கம். அதாவது பதினோரு வருஷமும் நாங்கள் நிழலில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு போனோமாம். சீவிய பென்சிலால் எங்களுக்கு நிழல் வரைந்து கொடுத்திருக்கிறார் மனிதர்.

நான் பிளேடைத் தூக்கி டிராயரில் போட்டேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏட்டுச் சுரைக்காய்க்காக நிஜச் சுரைக்காயை வெட்டிப் போடச் சொல்கிறார்கள்.

நெட்டை போனபிறகு அந்தப் புகைப்படத்தை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். அதுவரை கோபத்தில் உறையைவிட்டு எடுக்கவே இல்லை. படகின் பின்தளம், முன்பக்கம் பார்த்து எடுத்தது. புகைபோக்கிக்கு முன்னால் ஏழு ஊழியர்கள் சீருடையில் வரிசையாக நிற்கிறார்கள். ஓர் எழுத்தோ எண்ணோ படத்தில் எங்கேயும் இல்லை. புகைபோக்கி, அவர் சொன்னது போலவே, இடது பக்கம்தான். ஒரு நிமிஷம் நானே ஆடிப்போய்விட்டேன். ஏழு பேரும் ஏதோ சரியில்லாமல் நிற்பது போலவும் இருந்தது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. கை மட்டும் துறுதுறுத்தது, மோசமாகத் தைத்த சட்டையைப் பார்த்தால் துறுதுறுக்குமே, அப்படி.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் வாசலிலேயே நிறுத்தினேன். “அசையாம நில்லுங்க.”

“என்ன, அளவு எடுக்கப் போறியா?”

“உங்க சட்டையில பை எந்தப் பக்கம் இருக்கு?”

பேனா குத்தியிருந்த பையைத் தட்டிப் பார்த்தார். “இடது பக்கம். எல்லாச் சட்டையிலயும் அங்கதானே வைக்கிறே?”

“நான் மட்டும் இல்ல. யார் தைச்சாலும் ஆம்பளைச் சட்டைக்கு அங்கதான்.” படத்தைக் கையில் கொடுத்தேன். “இவங்களுக்கு?”

ஒவ்வொருவராகப் பார்த்தார். ஏழு பேருக்கும் பை வலது மார்பில். ஏழு பேருக்கும் பொத்தான் வரிசை மாற்றி மூடியிருந்தது. கடிகாரம் கட்டிய மூன்று பேருக்கும் அது வலது மணிக்கட்டில். வீட்டுக்காரர் உள்ளே போய், பீரோக் கண்ணாடி முன்னால் படத்தைத் தூக்கிப் பிடித்தார். கண்ணாடிக்குள் ஏழு சட்டைப் பையும் இடது பக்கம் வந்தன. புகைபோக்கி நகர்ந்து வலது பக்கம் போய் நின்றது.

“அடிப்பாவி,” என்றார். “போட்டோவையே திருப்பிப் போட்டிருக்காங்க.”

ஊரோடு ஒத்து வாழ் என்று அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கப்பலை அட்டைப்பெட்டியில் வைத்து, இண்டு இடுக்கில் எல்லாம் பஞ்சு அடைத்துக் கொடுத்தார்.

சங்கத்தில் படத்தை மேஜையில் வைத்து, சட்டைகளைக் காட்டினேன்.

“தையக்காரம்மா பையைத்தான் பார்ப்பாங்க,” என்றார் வங்கிக்காரர். “நாம கப்பலைப் பார்ப்போம்.”

இரண்டு பேர் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து முதல் ஆளில் ஆரம்பித்து ஏழாவது ஆள்வரை போனார், திரும்பவும் முதல் ஆளுக்கு வந்தார். அவர் காதுமடல் சிவந்துபோனது. நேர்மையான மனிதர்தான். தப்பு என்று தெரிந்துவிட்டது. ஆனால் யானைக்கும் அடி சறுக்கும் என்று ஒப்புக்கொள்ள யானைக்கே மனசு வரவேண்டும்.

“நெகட்டிவைத் திருப்பி வெச்சு பிரின்ட் போட்டிருக்கலாம்,” என்றார் மெதுவாக. “இருக்கலாம். ஆனா இந்தப் படத்தை நம்பி ஏழு பேர் கட்டிட்டாங்க. துறைமுக ஆபீசுக்கும் வரைபடம் போயாச்சு. இப்பப் போய் மாத்துங்கன்னா நல்லா இருக்காது. யாரு கவனிக்கப் போறாங்கம்மா?”

“அதுல போன பொம்பளைங்க கவனிப்பாங்க.”

“சரி, புகைபோக்கியைப் பத்தி அப்புறம் பேசுவோம். அந்த மூடிக்கு ஒரு பூச்சு, அந்த அழுக்கை ஒரு துடைப்பு. அதையாவது செஞ்சு கொடுங்க.”

“அது அழுக்கு இல்ல சார், புகை. மூடியில உரிஞ்சது பெயின்ட் இல்ல, நாங்க உக்காந்த இடம். பார்த்து உரிக்கவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு. ஏழு பேர் சேர்ந்து தப்பாக் கட்டினா வலது இடதாயிடுமா?”

நான் கப்பலைத் திரும்ப அட்டைப்பெட்டிக்குள் வைத்தேன். பஞ்சு சரியாக அடைபடவில்லை. வெளியே வந்து பள்ளிக்கூட வராந்தாவில் நின்று கொஞ்சம் அழுதேன். தோற்றதற்காக இல்லை. அவருக்குத் தெரிந்தும் சொல்லவில்லையே என்றுதான்.

படகுத்துறை திறந்த மறுநாள் போனேன். திறப்பு விழாவுக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் நெட்டையிடம் சொன்னேன், நெட்டை மற்றவர்களிடம் சொன்னாள். ஒன்பது பேரில் இரண்டு பேர் இப்போது இல்லை. மற்ற ஏழு பேரும் வந்துவிட்டோம். ஒருத்தி கைத்தடியோடு வந்திருந்தாள்.

கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே வங்கிக்காரரின் கிழவி, கல்யாணத்துக்குக் கிளம்பியவள் போலப் பளபளவென்று. பக்கத்தில் செயலாளரின் வரைபடம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. கண்ணாடிப் பெட்டிச் சாவி சங்கத்திடம் என்பதால் அவரும் அங்கே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கண்ணாடிப் பெட்டிக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, என் கப்பலை வெளியே எடுத்தேன். காவலாளி ஓடி வந்தான்.

“இங்க எதையும் வைக்கக் கூடாதும்மா.”

“வைக்கலப்பா. மடியில வெச்சிருக்கேன்.”

ஆறு பேரும் என்னைச் சுற்றிக் குனிந்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவரவர் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். இறந்துபோன இருவரின் இடத்தையும் கைத்தடிக்காரி தொட்டுக் காட்டினாள். பிறகு எல்லோருமாக எழுந்து கண்ணாடிப் பெட்டியிடம் போனார்கள்.

“இது கிழவியே இல்லையே,” என்றாள் கைத்தடிக்காரி. “இதுல நாம எங்க?”

செயலாளர் தொண்டையைச் செருமினார். நெட்டை அவர் பக்கம் திரும்பினாள். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள்.

“ஐயாவும் கிழவியில போயிருக்கீங்களா?”

“ஆறு வருஷம்மா.”

“எந்தப் பக்கம் உக்காருவீங்க?”

“இடது பக்கம்தான். அங்கதான் எப்பவும் நிழலா...”

நெட்டை சட்டத்துக்குள் இருந்த வரைபடத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

“அப்போ புகைபோக்கி உங்க தலைமேலயா இருந்துச்சு?”

கூடத்தில் படகுக்குக் காத்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். செயலாளர் தன் வரைபடத்தின் முன் போய் நின்றார். இடது பக்கத்தில் அவர் வரைந்த புகைபோக்கிமேல் விரலை வைத்தார், அன்றைக்கு என் பின்தளத்தில் வைத்த அதே விரல். ஆறு வருஷம் நிழலில் உட்கார்ந்து போன உடம்பு அவருடையது. எந்தப் பக்கம் என்று அந்த உடம்பை அவரே இதுவரை கேட்டதில்லை.

பிறகு பையிலிருந்து சாவியை எடுத்தார். வங்கிக்காரரின் கப்பலை இரண்டு கையாலும் பிடித்து ஓரமாக நகர்த்தினார். வலது கோடியில் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் வந்தது.

“புகையைத் தொடமாட்டீங்களே?” என்று கேட்டேன்.

“இல்லம்மா.”

“மூடியை?”

“எதையும் தொடமாட்டேன்.” என் கையிலிருந்து வாங்கி வைத்தார். ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தார். பழக்கதோஷம், ஜன்னலைப் பார்த்து முகம் சுளித்தார். “இந்தப் பக்கம் வெச்சா மத்தியானத்துக்கு மேல வெயில் விழும். பெயின்ட் வெளுத்துடும். வேணும்னா இதை அந்தப் பக்கம் நிழல்ல மாத்திடட்டுமா?”

நாங்கள் ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“வேண்டாம் சார்,” என்றேன். “இங்கயே இருக்கட்டும். வெயில் விழுறதை இப்பவாவது நாலு பேர் பார்க்கட்டும்.”

அவர் கண்ணாடியை மூடிப் பூட்டினார். ஒருதரம் அக்கரை போய்வர நினைத்திருந்தோம். படகு வர இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. நாங்கள் போய் நிழலாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம்.